பிரிட்ஜ் போடலாமா? கார் ஆம்ப்ளிஃபையருக்குப் பத்து நிமிடப் பரிசோதனை!

ஒரகடம் பக்கம் எந்த வார இறுதியிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

நைட் ஷிப்ட் முடித்து, தூக்கக் கலக்கத்தோடு ஓர் இளைஞர் தன் செகண்ட்ஹேண்ட் காரை கார் ஆடியோ கடை வாசலில் நிறுத்துகிறார். டிக்கியைத் திறந்தால் பழைய நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்று. பக்கத்தில், தீபாவளி போனஸில் வாங்கிய புத்தம்புது சப்வூஃபர்கள் இரண்டு. பாலித்தீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. பொங்கலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். அதற்குள் வண்டியில் 'பேஸ்' அதிர வேண்டும் என்பது ஆசை.

“அண்ணே, ரெண்டு வூஃபரையும் சேத்து பிரிட்ஜ் போட்டுக் குடுங்க. நாலு மடங்கு பவர் வரும்னு சொன்னாங்க.”

கடைக்கார எலெக்ட்ரீஷியன் ஆம்ப்பைப் புரட்டிப் பார்க்கிறார். “தம்பி, இத எங்க வாங்குன?”

“கூட வேலை பாக்குறவர் குடுத்தாருண்ணே. அவர் வண்டிய வித்துட்டாரு.”

“பிரிட்ஜ் போடறது அஞ்சு நிமிஷ வேலை. போடலாமான்னு பாக்கறதுதான் பத்து நிமிஷம். அத மொதல்ல பாப்போம்.”

அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் அனுபவித்தது கருகிய வாடைதான். ஆம்ப் போகும், சில நேரம் ஸ்டீரியோவும் சேர்ந்து போகும், வயரிங் மோசமாக இருந்தால் வண்டிக்கே ஆபத்து. அதனால் அந்த எலெக்ட்ரீஷியன் என்னவெல்லாம் பார்ப்பார் என்பதை வண்டி வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

*பிரிட்ஜ் என்றால் என்ன?*

மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் அறுப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளுவார். ஒற்றை ஆள் அறுப்பதைவிட வேலை வேகமாக நடக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்? ரம்பம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிரிட்ஜிங்கும் இதேதான். சாதாரணமாக ஆம்ப்பின் ஒரு சேனல் ஒரு ஸ்பீக்கரை இயக்கும். ஸ்பீக்கரின் ஒரு முனையில் சிக்னல் ஏறி இறங்கும்; மறுமுனை எர்த்தில் அசையாமல் இருக்கும். பிரிட்ஜ் செய்தால், இரண்டு சேனல்களுக்கு நடுவே பாலம் போல ஒரே ஸ்பீக்கர் உட்காரும். ஒரு சேனலில் வோல்ட் ஏறும்போது மற்றதில் இறங்க வேண்டும். அதற்காக ஒரு சேனலின் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பும் வசதி ஆம்ப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஆம்ப்பை இரண்டு வயர் மாற்றி 'பிரிட்ஜ்' ஆக்கிவிட முடியாது.

ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்ட் இரண்டு மடங்கானால், பவர் நான்கு மடங்கு. ஓம் விதி படித்த யாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இளைஞரிடம் யாரோ சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மீதிப் பாதி: பிரிட்ஜ் ஆனவுடன் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓம்ஸைத்தான் 'பார்க்கிறது'. 4 ஓம் ஸ்பீக்கரை பிரிட்ஜில் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம் பாரம். 2 ஓம் போட்டால் 1 ஓம் பாரம். ஓம்ஸ் குறையக் குறைய கரன்ட் கூடும். கரன்ட் கூடக் கூடச் சூடு ஏறும். ஆம்ப் எரிவது இங்கேதான்.

*உங்கள் ஸ்டீரியோ ஏற்கெனவே பிரிட்ஜ்தான்!*

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியதிலிருந்து, ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான் ஆலை திறந்த பிறகு இன்னும் வேகமாக, இந்த வட்டாரத்திலிருந்து லட்சக்கணக்கில் கார்கள் சாலைக்கு வந்திருக்கின்றன. டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் இன்றைய கார் ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருக்கும் நான்கு சேனல் சில்லு, ஒவ்வொரு சேனலிலும் பிரிட்ஜ் முறையில்தான் இயங்குகிறது. இது பலருக்குத் தெரியாத விஷயம்.

ஏன் அப்படி? இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். பிரிட்ஜ் இல்லாமல் அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் எடுக்க முடிந்த சுத்தமான பவர், கணக்குப்படி சுமார் 6.5 வாட். பிரிட்ஜ் முறையில் அது சுமார் 26 வாட். சரியாக நான்கு மடங்கு. நடைமுறை இழப்புகள் போக ஏறத்தாழ 20 வாட் கைக்கு வரும்.

அப்படியானால் டப்பாவில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கிறதே? இசை முழுக்கச் சிதைந்து, வெறும் கரகரப்பாகும் அளவுக்கு ஆம்ப்பை முறுக்கினால் வரும் உச்சக் கணக்கு அது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.84 வரும். அந்த 50 எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். அதனால் டப்பாவின் 'மேக்ஸ்' எண்ணை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே பிரிட்ஜில் ஓடும் ஸ்டீரியோவை இன்னொரு முறை பிரிட்ஜ் செய்ய முடியாது. அதன் ஸ்பீக்கர் மைனஸ் வயர்கள் எர்த் அல்ல. அவற்றிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு மைனஸை ஒன்றாக முறுக்கினாலோ, ஒன்றை பாடி எர்த்தில் தட்டினாலோ சில்லு சேதமாகலாம்.

“செட்டையே பிரிட்ஜ் பண்ணிட்டு, பாட்டே வரலன்னு வர்றாங்க தம்பி. பாட்டு எப்படி வரும்? அதான் புகையா வெளிய போயிடுச்சே!” என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

*முதல் பார்வை: ஆம்ப்பே சொல்லிவிடும்*

ஸ்பீக்கர் வயர் மாட்டும் டெர்மினல்களைப் பாருங்கள். பிரிட்ஜ் ஆகக்கூடிய ஆம்ப்பில் பெரும்பாலும் அங்கேயே 'பிரிட்ஜ்டு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு சேனலின் ப்ளஸ்ஸையும் அடுத்த சேனலின் மைனஸையும் ஒரு கோடு இணைத்துக் காட்டும். நான்கு சேனல் ஆம்ப்பில் பொதுவாக 1, 2 ஒரு ஜோடி. 3, 4 இன்னொரு ஜோடி. தோன்றிய இரண்டைச் சேர்க்கக் கூடாது. எந்த ப்ளஸ், எந்த மைனஸ் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இரண்டாவது, மேனுவல். மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலான கம்பெனிகளின் மேனுவல் மொபைலிலேயே கிடைத்துவிடும். அதில் பார்க்க வேண்டியது ஒரே வரி: பிரிட்ஜில் குறைந்தபட்சம் எத்தனை ஓம்? பெரும்பாலான ஆம்ப்களில் அது 4 ஓம்.

மேனுவல் நம்பகமானதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. பிரிட்ஜில் 4 ஓமில் கிடைக்கும் பவர், ஒரு சேனல் 2 ஓமில் தரும் பவரைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 2 ஓமில் சேனலுக்கு 100 வாட் என்றால், 4 ஓம் பிரிட்ஜில் 200 வாட். அதற்கு மேல் 500, 600 என்று போட்டிருந்தால் அது விளம்பரக் கணக்கு.

மூன்றாவது, மோனோ பிளாக் என்ற குழப்பம். ஒரே சேனல் கொண்ட இந்த வகை ஆம்ப்களில் சிலவற்றில் இரண்டு ப்ளஸ், இரண்டு மைனஸ் டெர்மினல்கள் இருக்கும். பார்த்தால் இரண்டு சேனல் போலத் தோன்றும். ஆனால் உள்ளே இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டு வூஃபர் மாட்ட வசதியாக வெளியே பிரித்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் பிரிட்ஜ் செய்ய ஒன்றுமே இல்லை.

*லேபிள் அழிந்துபோயிருந்தால்?*

இளைஞர் கொண்டுவந்த ஆம்ப்பில் மாடல் எண் தேய்ந்துபோயிருந்தது. எலெக்ட்ரீஷியன் மல்ட்டிமீட்டரை எடுக்கிறார்.

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சரியான ஃபியூஸோடு ஆம்ப்பை ஆன் செய்கிறார். பாட்டு இல்லை. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும், சிவப்பு முனையை ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினலிலும் வைக்கிறார். எல்லா டெர்மினல்களிலும் பேட்டரியில் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ட் காட்டினால், அது ஏற்கெனவே பிரிட்ஜில் ஓடும் ஆம்ப். கை வைக்கக் கூடாது.

இங்கே மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. “நல்ல சேதிதான். ஆனா இது மட்டும் போதாது.”

அடுத்த கட்டம். மொபைலிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றுகிறார். மறுபடி ஒவ்வொரு டெர்மினலாக எர்த்தோடு அளக்கிறார். 3-வது சேனலின் ப்ளஸ்ஸில் வோல்ட் வருகிறது. அதன் மைனஸில் இல்லை. 4-வது சேனலில் தலைகீழ்: மைனஸில் வருகிறது; ப்ளஸ்ஸில் இல்லை. ஒரு சேனல் உள்ளேயே திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். நான்கிலும் வோல்ட் வந்தால் பிரிட்ஜ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டு ப்ளஸ்ஸிலும் மட்டும் வந்தால், திருப்பும் வசதி இல்லை. அல்லது அதற்குத் தனி சுவிட்ச் இருக்க வேண்டும்.

“அப்ப பிரிட்ஜ் போடலாமாண்ணே?”

“இருப்பா. மீட்டர் 'வேணாம்'னு சொன்னா நம்பலாம். 'சரி'ன்னு சொன்னா பாதிதான் நம்பணும். எத்தன ஓம் தாங்கும்னு மீட்டர் சொல்லாது. மேனுவல்தான் சொல்லணும்.”

மூடியைத் துடைத்துப் பார்த்ததில் அடிப்பக்க ஸ்டிக்கர் ஒன்றில் மாடல் எண் கிடைக்கிறது. மொபைலில் மேனுவல் வருகிறது. பிரிட்ஜில் குறைந்தபட்சம் 4 ஓம், 200 வாட்.

*வூஃபரை எண்ணாமல் கணக்கு முடியாது*

இப்போது இளைஞரின் இரண்டு வூஃபர்கள். ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால், அதாவது பேரலல், மொத்தம் 2 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். 2 ஓம் தாங்கும் சேனலுக்கு இது இரட்டைப் பாரம். முதலில் பாட்டு பிரமாதமாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஆம்ப் கொதிக்கும். நல்ல ஆம்ப் என்றால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். இல்லையென்றால் எரியும்.

இரண்டையும் வரிசையாக, சீரிஸில் போட்டால் மொத்தம் 8 ஓம். ஆம்ப்புக்கு ஆபத்தில்லை, ஆனால் பவர் ஏறத்தாழ பாதியாகும். ஒரே ஒரு வூஃபரைப் போட்டால் 4 ஓம். மேனுவல் சொன்னபடியே முழு 200 வாட்.

ஒரே வூஃபருக்குள் இரண்டு வாய்ஸ் காயில் இருக்கும் வகையும் உண்டு. அதற்கும் இதே கணக்குதான். இரண்டு 4 ஓம் காயில்களை சீரிஸில் இணைத்தால் 8, பேரலலில் இணைத்தால் 2. மீட்டரில் அளக்கும்போது 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல், 4-க்குக் கீழ் காட்டுவது சகஜம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

*நான்கு மடங்கு வாட், நான்கு மடங்கு சத்தமா?*

இல்லை. ஆசைப்படுபவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. பவர் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். நான்கு மடங்கானால் 6 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் தேவை. நான்கு மடங்கு வாட்டுக்காக ஆம்ப்பைப் பணயம் வைத்தும் இரண்டு மடங்கு சத்தம்கூடக் கிடைக்காது. வூஃபருக்குச் சரியான பெட்டி, சரியான இடம், கதவுகளில் அதிர்வைத் தடுக்கும் ஷீட் ஆகியவை பல நேரங்களில் இதைவிட நல்ல பலன் தரும்.

இன்னொன்றும் உண்டு. கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பஸ்களும் ஓயாமல் ஓடும் ஸ்ரீபெரும்புதூர் சாலையில், பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் ஓட்டுநர் காதில் விழ வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் இருந்தாலே நாளடைவில் காது பாதிக்கும் என்கிறார்கள் தொழிலகப் பாதுகாப்பு நிபுணர்கள். ஆலைக்குள் இயர் பிளக் போட்டுக் காப்பாற்றிய காதை, வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் கெடுத்துக்கொள்ளலாமா?

*வயரும் ஃபியூஸும்*

இதே ஒரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில், ஒரு வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இயங்குகின்றனவா என்று சோதிக்கவே தனி ஆய்வகம் இருக்கிறது. அப்படியெல்லாம் சோதித்து வெளியே வரும் வண்டியில் நாம் புதிதாக ஒரு வயர் இழுக்கும்போது, அந்த வயருக்கு நாம்தான் இன்ஜினீயர்.

200 வாட் வெளியே வர, சாதாரண ஆம்ப் ஏறத்தாழ 400 வாட்டை உள்ளே இழுக்கும். மீதி சூடாகப் போகும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 29 ஆம்பியர். ஸ்டீரியோவுக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்து இதைத் திருடக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ், பெயின்ட் சுரண்டிய பாடியில் இறுக்கமான எர்த். இந்த மூன்றும் கட்டாயம். மலிவாகக் கிடைக்கும் சில வயர்களில் மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். அதே தடிமனில் அது குறைந்த கரன்ட்டைத்தான் தாங்கும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் பெரிய ஃபியூஸ் போடுவது வைத்தியம் ஆகாது. ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற மட்டும் இல்லை. வயர் தீப்பிடிக்காமல் இருக்கவும்தான்.

*வேலைக்கு முன் ஒரு பட்டியல்*

1. டெர்மினலில் பிரிட்ஜ் குறி இருக்கிறதா? இல்லாவிட்டால் மேனுவல் பார்க்காமல் தொடக் கூடாது.

2. பிரிட்ஜில் குறைந்தபட்ச ஓம்ஸ் எவ்வளவு? வூஃபர்களை இணைத்த பிறகு வரும் மொத்த ஓம்ஸ் அதைவிடக் குறையக் கூடாது.

3. ஸ்டீரியோவையும், கம்பெனியிலிருந்தே வரும் ஆம்ப்பையும் பிரிட்ஜ் செய்யவே கூடாது.

4. வயர் மாட்டும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

5. கெயின் குமிழ் வால்யூம் அல்ல. குறைவாக ஆரம்பித்து, சத்தம் சிதையத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஆம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ தவறு.

6. கம்பெனியில் பொருத்தாத எலெக்ட்ரிக்கல் சாதனங்களை வாகனக் காப்பீட்டில் தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் அதன் விதிகளையும் படித்துவிடுங்கள்.

*

மறுபடி கடைக்கு வருவோம். எலெக்ட்ரீஷியன் கணக்கை எழுதிக் காட்டுகிறார். முன்பக்க இரண்டு சேனல்களில் கதவு ஸ்பீக்கர்கள். பின்பக்க இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒரே ஒரு வூஃபர். இன்னொரு வூஃபரின் கவரைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இளைஞருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “ரெண்டும் வேணும்னு ஆசையா வாங்குனேண்ணே.”

“ஒண்ணே போதும்பா. வூஃபர் காச வயருக்குப் போடு. பொங்கலுக்கு அம்மா பின் சீட்ல உக்காந்து வரும்போது, பாட்டும் கேக்கணும், தூக்கமும் வரணும் இல்ல?”

அவர் சிரித்துக்கொண்டே கவர் பிரிக்காத வூஃபரை எடுத்து முன் சீட்டில் வைக்கிறார். திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில்தான் அவருடைய ரூம் இருக்கிறது.